மைனஸ் பதினெட்டுக்குக் காவல்

வேலைக்குச் சேர்ந்த முதல் ஐந்து வருடமும் நான் அலாரம் பார்த்தேன். நகரத்தின் தெற்குக் கோடியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. சுவர் முழுக்கத் திரைகள். வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டர்களில் சந்தேகப்படும்படி ஏதாவது நடந்தால் எங்கள் திரையில் ஒரு வரி வந்து விழும். அதைத் திறந்து படித்து, நிஜத் தாக்குதலா வெறும் குழப்பமா என்று முடிவு செய்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். வரிகள் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலும் யாராவது பாஸ்வேர்டை மறந்து நாலு முறை தப்பாகப் போட்டிருப்பார்கள்.

ஒரு பிற்பகலில் அந்த வரிசையில் நிஜமான ஒன்று வந்து நின்றது. அதற்கு முன்னால் அறுபதோ எழுபதோ வரிகள் இருந்தன. ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது, ஒரு துணி ஏற்றுமதி நிறுவனத்தின் கோப்புகள் அத்தனையும் பூட்டப்பட்டிருந்தன. என்னை யாரும் திட்டவில்லை. வரிசைப்படிதான் வேலை செய்திருந்தேன். மறுநாள் பதிவுகளைப் படித்தபோதுதான், உள்ளே நுழைந்த புரோகிராம் தன் வேலையை முடிக்க எடுத்துக்கொண்ட நேரம், நான் எழுந்து போய் டீ வாங்கி வரும் நேரத்தைவிடக் குறைவு என்று தெரிந்தது. அந்த வேகத்துக்கு எந்த மனுஷரும் ஈடுகொடுக்க முடியாது. தடுப்பதும் அதே வேகத்தில் ஓட வேண்டும். தானே பார்த்து, தானே முடிவெடுத்து, தானே செய்ய வேண்டும். இந்த எண்ணம் பிடித்துக்கொண்ட பிறகு எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை. வேலையை விட்டுவிட்டு முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தேன்.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் இரண்டாவது மாடி எங்கள் வீடு. சேதியைச் சொன்னபோது அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"இத்தினி வருசம் திருடன் வரானான்னு பாத்துகினு இருந்த. இப்ப இன்னா பண்ணப் போற?"

"திருடனப் பாத்தா தானே கதவ சாத்திக்கிற மாதிரி ஒன்னு செய்யப் போறேன்மா."

அம்மா அரிசிப் பாத்திரத்திலிருந்து நிமிர்ந்தார். "சாத்தசொல்லோ நாம உள்ள இருப்பமா, வெளிய இருப்பமா?"

அது எவ்வளவு சரியான கேள்வி என்பது எனக்குப் புரிவதற்கே நான்கு வருடம் ஆனது.

ஆய்வுக்கூடத்தில் நான் இரண்டு புரோகிராம்களை வளர்த்தேன். ஒன்று தாக்கும், இன்னொன்று தடுக்கும். நிஜமில்லாத ஒரு நெட்வொர்க்கை உருவாக்கி அதற்குள் இரண்டையும் மோதவிடுவேன். தடுப்பது ஜெயித்தால் அதற்கு மதிப்பெண் ஏறும், தோற்றால் இறங்கும். அது எதையும் மனப்பாடம் செய்வதில்லை. ஆயிரக்கணக்கான முறை அடிபட்டு அடிபட்டுத் தானாகவே ஒரு வழியைக் கண்டுபிடிக்கும். காலையில் போனதும் முதல் வேலையாக மதிப்பெண் கோட்டைத்தான் பார்ப்பேன். அது மேலே ஏறியிருந்தால் அன்று முழுக்கக் கால் தரையில் நிற்காது.

ஆனால் என் நெறியாளருக்கு அது போதவில்லை. "இதெல்லாம் நீயே கட்டின ஊரு, நீயே விட்ட திருடன். நிஜ மெஷின் ஓடுற இடத்துல இது என்ன செய்யும்?" என்று கேட்டார். சிறுதொழில் செய்பவர்களை அழைத்து ஒரு கூட்டம் நடத்தி என்னைப் பேசச் சொன்னார். பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் எழுந்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து திருவொற்றியூரில் மீன் ஏற்றுமதிக்கான குளிர்கிடங்கு நடத்துகிறவர்.

"யானைக்கவுனில என் சேக்காளி கடை. போன மாசம் கம்ப்யூட்டர் பூராத்தையும் பூட்டிட்டானுவ. அவனுக்குக் கடைதான் நின்னுச்சு. எனக்குக் கம்ப்ரசர் நின்னா உள்ள இருக்க மீனு என்ன ஆகும்? நீங்க என் எடத்துக்கு வந்து பாக்குதீங்களா?"

அடுத்த வாரமே போனேன். தண்டையார்பேட்டை வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து மெட்ரோ, இறங்கி எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளின் பக்கவாட்டில் பத்து நிமிட நடை. உள்ளே நுழைந்ததும் மீன் வாடையோடு, குளிரூட்டப் பயன்படும் அமோனியாவின் ஒரு மெல்லிய நெடி. பெரிய கிடங்கு அறைகள், அவற்றை மைனஸ் பதினெட்டு டிகிரிக்குக் கீழே வைத்திருக்கும் கம்ப்ரசர்கள், அவை எல்லாவற்றையும் ஓட்டும் கன்ட்ரோல் ரூம். எல்லாரும் அண்ணாச்சி என்று கூப்பிட்ட அந்த முதலாளி என்னை அங்கே கொண்டுபோய் விட்டார்.

கன்ட்ரோல் ரூமில் பகல் ஷிப்ட் பார்த்தவள் காலடிப்பேட்டைக்காரி. என்னைவிட இரண்டு மூன்று வயது சிறியவள். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு எட்டு வருடமாக அந்த நாற்காலியில் இருந்தாள். என்னை மேடம் என்று கூப்பிட்டாள். நானும் ஆய்வுக்கூடத்தில் பேசும் அளந்த தமிழில், "இந்த அமைப்பு உங்களுக்கு உதவியாக இருக்கும்" என்று ஆரம்பித்தேன். அவள் மரியாதையாகத் தலையாட்டினாள். ஒரு வார்த்தையையும் அவள் நம்பவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

நடுவில் அம்மா போன் செய்தார். "இன்னாம்மா, வேலயா கீறேன். அப்பால பேசறேன், வெச்சுடு" என்றேன்.

அவள் நாற்காலியைத் திருப்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்த ஏரியா?"

"வியாசர்பாடி."

"அத்த மொதல்லயே சொல்லக்கூடாதா? காலைலேர்ந்து டி.வி. நியூஸ் மாதிரி பேசிகினு கீறியேக்கா. சரி, இப்ப சொல்லு. இது இன்னா பண்ணும்?"

அன்றிலிருந்து நான் அவளுக்கு யக்கா. அந்த அறையில் என் நாக்கு தன் இஷ்டத்துக்கு ஓட ஆரம்பித்தது. நான்கு வருடக் கருத்தரங்குகளில் சொல்ல வராத விஷயங்கள்கூட அவளிடம் பேசும்போது ஒயுங்கா வந்தன என்று ழகரம் இல்லாமல் எழுதினால் அச்சில் பிழை என்பார்கள். ஆனால் அப்படித்தான் வந்தன.

நிஜக் கம்ப்ரசரில் நேராகக் கைவைக்க அண்ணாச்சி சம்மதிக்கவில்லை, அது நியாயம்தான். ஸ்டோரில் கிடந்த பழைய கன்ட்ரோலர் ஒன்றையும் ஒரு சின்ன ஐஸ் பெட்டியையும் இணைத்து, அறையின் மூலையில் கிடங்கின் சிறிய நகல் ஒன்றைச் செய்துகொண்டோம். அதன்மேல் தாக்கும் புரோகிராமை ஏவிவிட்டேன். முதல் இரண்டு வாரம் தோல்விக்குமேல் தோல்வி. மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை மதிப்பெண் கோடு செங்குத்தாக ஏறி உச்சியில் போய் நின்றது. தாக்குதல் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. சந்தோஷத்தில் நெறியாளருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

அவள் எழுந்து போய் ஐஸ் பெட்டியைத் திறந்து உள்ளே கையை விட்டாள். "யக்கா, உள்ள தண்ணியாகீது."

பதிவுகளைப் பார்த்தோம். என் புரோகிராம் தொடங்கிய முதல் நொடியிலேயே எல்லா இணைப்புகளையும் துண்டித்திருந்தது. கன்ட்ரோலர், திரை, வெப்பநிலை அளவி என்று ஒன்றையும் விடவில்லை. எதுவும் இணைந்திருக்கவில்லை என்றால் தாக்க ஒன்றுமில்லை, முழு மதிப்பெண். நான் தாக்குதலைத் தடு என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். மீன் கெடக்கூடாது என்று எங்கேயும் சொல்லவில்லை.

"கடைய மூடிட்டா கடைல திருட்டு போவாதுன்னு கண்டுபுடிச்சிக்கீது உன் ஆளு," என்று சிரித்தாள். எனக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் உடம்பு முழுக்க ஒரு சுறுசுறுப்புதான் பரவியது. தப்பு எங்கே என்று இவ்வளவு தெளிவாக அதற்கு முன் எனக்குத் தெரிந்ததே இல்லை.

"எது எத்தினி நேரம் நிக்கலாம், எது நிக்கவே கூடாது, சொல்லு" என்றேன்.

அவள் ஒரு அட்டைப் பெட்டியின் மூடியைக் கிழித்து மார்க்கரால் எழுத ஆரம்பித்தாள். கதவு திறக்காமல் இருந்தால் ஒரு அறை எவ்வளவு நேரம் குளிரைப் பிடித்துக்கொண்டிருக்கும், இறால் அறை எது, லோடு ஏற்றும் நேரத்தில் எந்தக் கம்ப்ரசர் ஓடியே ஆக வேண்டும், ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் போனால் என்ன ஆகும் என்று எல்லாம் எழுதினாள். கடைசியில் அமோனியா கசிவு அலாரத்தைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டாள்.

"இத்த மட்டும் அது தொடவே கூடாது. ஆயிரம் திருடன் வந்தாலும் சரி. காஸ் லீக்காச்சின்னா முப்பது பேரு உள்ள வேல செஞ்சிகினு கீறாங்க."

அந்த அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் மதிப்பெண் முறையை முழுக்க மாற்றி எழுதினேன். வெப்பநிலை ஏறினால் மதிப்பெண் குறையும். காஸ் அலாரம் புரோகிராமின் கைக்கு எட்டாத இடத்துக்குப் போனது. எல்லாவற்றையும் வெட்டிவிடுவதற்குப் பதிலாக அதற்கு வேறு வழிகளும் கொடுத்தேன். சந்தேகப்பட்ட கம்ப்யூட்டரை ஒரு பொய் நெட்வொர்க்குக்குள் தள்ளிவிடலாம். அங்கே இருப்பதெல்லாம் நிஜம் போலவே தெரியும். உள்ளே போனவன் இல்லாத கம்ப்ரசரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பான். அது மறுபடி கற்றுக்கொள்ள ஒரு மாதம் ஆனது. இந்த முறை கோடு மெதுவாக, தயங்கித் தயங்கி ஏறியது. அவள் தினமும் வந்ததும் முதலில் பெட்டியைத் திறந்து பார்ப்பாள். ஐஸ் ஐஸாகவே இருந்தது.

அடுத்து புரோகிராமை நிஜ நெட்வொர்க்கில் வெறுமனே பார்க்கவிட்டோம். எதையும் செய்யாது, 'நானாக இருந்தால் இப்போது இதைச் செய்வேன்' என்று திரையில் சொல்லும். ஒவ்வொரு யோசனைக்கும் சரி அல்லது தப்பு என்று அவள் குறிக்க வேண்டும். இரண்டாவது நாளே அவள் மூன்றாவதாக ஒரு பொத்தான் கேட்டாள்.

"சரியும் இல்ல, தப்பும் இல்லன்னா இன்னா பண்றது? கெடுதல் ஒன்னியும் இல்ல, ஆனா நமக்கு வேல இஸ்து வைக்குது. அதுக்கு ஒரு பட்டன் குடு."

"அதுக்கு இன்னா பேரு போடறது?"

"பேஜாரு."

அப்படியே போட்டேன். மூன்று வாரத்தில் எங்கள் தரவுகளில் சரி, தப்பு, பேஜாரு என்று மூன்று வகைகள் சேர்ந்தன. ஆய்வுக்கூடத்தில் அதைத் திரையிட்டபோது நெறியாளர் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "இது என்ன?" என்றார். விளக்கினேன். "இதுக்கு இங்கிலீஷ்ல இவ்வளவு சின்ன வார்த்தை இல்லை. மாத்தாதே" என்று மட்டும் சொன்னார். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பள்ளியில் அந்த மாதிரி ஒரு வார்த்தை வாயில் வந்ததற்காக முட்டி போட்டவள் நான்.

கடைசியில் அண்ணாச்சி, புரோகிராம் தானாகச் செயல்பட அனுமதி கொடுத்தார். அவள் மட்டும் ஒரு நிபந்தனை வைத்தாள். "எனக்கு மவுசு கிவுசு அல்லாம் வோணாம். கைல புட்ச்சித் திருப்பற மாதிரி ஒன்னு வெய்யி. திருப்பினா அது கைய கட்டிகினு ஒக்காரணும்." மேசையின் ஓரத்தில் சிவப்புக் குமிழ் ஒன்றைப் பொருத்தினோம். அதைத் திருப்பினால் புரோகிராம் செய்ததெல்லாம் ரத்தாகி, நெட்வொர்க் பழையபடி ஆகிவிடும்.

பத்து நாள் போல ஒன்றும் நடக்கவில்லை. பதினோராவது நாளோ பன்னிரண்டாவது நாளோ, காலை பதினொரு மணி இருக்கும். வெளியே ஒரு கன்டெய்னர் நின்றிருந்தது, இறால் ஏறிக்கொண்டிருந்தது. குளிரூட்டும் இயந்திரங்களைப் பராமரிக்கும் ஒரு சர்வீஸ் கம்பெனியிலிருந்து டெக்னீஷியன் வந்திருந்தார். நாற்பது வயசு இருக்கும், அடக்கமான மனிதர், மாதம் ஒருமுறை வருகிறவர். ஆபீசில் ஒரு ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டு, கன்ட்ரோல் ரூமுக்கு வந்து தன் லேப்டாப்பை இணைத்தார். நான் மூலையில் உட்கார்ந்து அம்மா கட்டிக் கொடுத்த தக்காளி சாதத்தைத் திறந்திருந்தேன்.

"யக்கா. உன் ஆளு இன்னாவோ பண்ணுது."

அவள் குரலில் பதற்றம் இல்லை. நான்தான் டிபன் பாக்ஸை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். திரையில் மூன்று வரிகள். டெக்னீஷியனின் லேப்டாப் பொய் நெட்வொர்க்குக்கு மாற்றப்பட்டது. கன்ட்ரோல் ரூமின் பாஸ்வேர்ட் ஒன்று முடக்கப்பட்டது. ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் கன்ட்ரோலர்களிடமிருந்து பிரிக்கப்பட்டன. மூன்றுக்கும் இடையே நான்கு நொடிகூட இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான்காவதாக ஒன்று வந்தது. லேபிள் பிரின்டர் துண்டிக்கப்பட்டது.

"மேடம், எனக்குக் கம்ப்ரசர் எல்லாம் தெரியுதே. நல்லாத்தான் இருக்கு," என்றார் டெக்னீஷியன். அவர் பார்த்துக்கொண்டிருந்தது பொய்க் கம்ப்ரசரை.

அதற்குள் அண்ணாச்சி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "ஏம்மா, ஆபீஸ்ல லோடிங் ஸ்கிரீன் நின்னு போச்சு, லேபிள் வர மாட்டேங்குது. கன்டெய்னர் கதவு திறந்து கெடக்கு. என்ன செய்யுது உங்க மெஷினு? அத நிப்பாட்டுங்க."

என் கை அந்தச் சிவப்புக் குமிழின் மேல் போய்விட்டது. உண்மையைச் சொல்கிறேன், நான் அதைத் திருப்பத்தான் போனேன். நான்கு வருடம் வளர்த்த புரோகிராம். அதற்குள் ஓடும் ஒவ்வொரு வரியையும் எழுதியவள் நான். ஆனாலும் நிஜமாகவே அது வேலை செய்த முதல் நிமிடத்தில் எனக்கு ஞாபகம் வந்ததெல்லாம் தண்ணீராகிக் கிடந்த அந்த ஐஸ் பெட்டிதான்.

"கைய எடு யக்கா," என்றாள் அவள்.

நான் அவளைப் பார்த்தேன்.

"மூனு வாரம் இதுக்கு மார்க்கு போட்டவ நானு. எங்க தப்பு பண்ணும், எங்க பண்ணாதுன்னு எனக்குத் தெரியும். லேப்டாப்பு விசயத்துல இது ஒரு வாட்டிகூடத் தப்பு பண்ணல. பிரின்டரப் பத்தி சொன்னா மட்டும் நான் நம்ப மாட்டேன். அது எப்பவும் பேஜாருதான்." பிறகு முதலாளியிடம் திரும்பினாள். "அண்ணாச்சி, ரெண்டே நிமிசம். நான் போயி ஊசியப் பாத்துட்டு வரேன். லேபிள கையால எழுதச் சொல்லுங்க."

கம்ப்ரசர்களின் மேல் பழைய கடிகார முகம் போன்ற அளவிகள் உண்டு. அவற்றுக்கும் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தமே கிடையாது. அவள் அவற்றைப் பார்க்கத்தான் ஓடினாள். அந்த இரண்டு நிமிடமும் நான் குமிழிலிருந்து கையை எடுத்துத் துப்பட்டாவில் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றேன். அண்ணாச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். "ஓடிகினு கீது. மூனும் ஓடிகினு கீது. ஊசி ஆடல. காஸ் அலாரம் லைட்டு பச்சைல கீது."

அப்போதுதான் பொய் நெட்வொர்க்கின் பக்கத்தில் அசைவு தெரிந்தது. நாங்கள் வைத்திருந்த போலிக் கோப்புகளின் பெயர்கள் மாற ஆரம்பித்தன. ஒன்று, அடுத்து ஒன்று, பிறகு கடகடவென்று. லேப்டாப்புக்குள் பதுங்கியிருந்த ஏதோ ஒன்று, நிஜக் கிடங்குக்குள் புகுந்துவிட்டதாக நினைத்து ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்தது. பிறகு அது பொய்க் கம்ப்ரசரை நிறுத்த முயன்றது. அதற்கு அது பயன்படுத்திய பாஸ்வேர்ட், சில நிமிடங்களுக்கு முன் முடக்கப்பட்ட அதே பாஸ்வேர்ட்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நான் இவ்வளவு நாள் கணக்கில் மட்டும் பார்த்தது கண் எதிரே நடந்துகொண்டிருந்தது. திருடன் உள்ளே இருந்தான், ஆனால் எங்கள் வீட்டில் இல்லை.

"இது என் லேப்டாப்லேர்ந்தா?" என்றார் டெக்னீஷியன். முகம் வெளுத்துவிட்டது. "சத்தியமா எனக்குத் தெரியாது மேடம்."

"உனக்குத் தெரியாதுண்ணே, யாரு இல்லன்னு சொன்னது? ஒக்காரு" என்று அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். உடனே அடுத்த கேள்வியையும் கேட்டாள். அதை நான் யோசித்திருக்கவே இல்லை. "இங்க வரதுக்கு முன்ன எங்க போயிருந்த?"

"ராயபுரத்துல ஒரு ஐஸ் பேக்டரி. காலைல எட்டரைக்கு."

எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. பதிவைப் பார்த்தால், அது உள்ளே வந்ததும் உடனே பூட்டவில்லை; சும்மா சுற்றிப் பார்த்து, பாஸ்வேர்டுகளைத் தேடி, அதன் பிறகுதான் வேலையில் இறங்கியிருந்தது. சின்ன இடமான எங்கள் போலி நெட்வொர்க்கில் அது சில நிமிடங்களில் முடிந்தது. பெரிய இடத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கலாம். டெக்னீஷியன் அந்த ஐஸ் பேக்டரிக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார்.

எடுத்தவர் அலட்டிக்கொள்ளவில்லை. "இங்க அல்லாம் சோக்கா ஓடிகினு கீதேம்மா. இன்னா பிரச்சினை?"

நான் அளந்த தமிழில் விளக்க ஆரம்பித்தேன். ஊடுருவல், தீங்குநிரல், தனிமைப்படுத்தல். "இன்னாம்மா சொல்ற?" என்றார் அவர். காலடிப்பேட்டைக்காரி கையை நீட்டினாள். நான் தலையாட்டி மறுத்துவிட்டு நானே சொன்னேன்.

"அண்ணே, காலைல சர்வீஸ்காரரு வந்தாரே, அவுரு லேப்டாப்புல பூச்சி கீது. உங்க கம்ப்யூட்டர்ல ஏறிக்கீது. மெஷின நிறுத்தாத, அது பாட்டுக்கு ஓடட்டும். கம்ப்யூட்டருக்குப் பின்னால நீல ஒயர் ஒன்னு சொருகிக்கீது பாரு. அத்த மட்டும் கயட்டு. எத்தினி கம்ப்யூட்டர் கீதோ அத்தினிலயும் கயட்டு. போன வெக்காத, கயட்டிட்டு சொல்லு."

"நீல ஒயரா? இரு."

போனில் காலடிச் சத்தம், யாரையோ கூப்பிடும் சத்தம், ஐஸ் உடையும் சத்தம். பிறகு அவர் குரல் வந்தது. இப்போது வேகமாக. "அஞ்சையும் கயட்டிட்டேன். கேஷியர் ரூமுல ஒன்னுல மட்டும் எயுத்தெல்லாம் கன்னாபின்னான்னு மாறிகினு இருந்துச்சி. இப்ப நின்னுபூட்ச்சி."

அன்று மாலை நானும் டெக்னீஷியனும் அந்த ஐஸ் பேக்டரிக்குப் போனோம். கெட்டது அந்த ஒரு கம்ப்யூட்டர்தான். மற்ற நான்கிலும் அது குடியிருந்தது, ஆனால் கைவைக்க ஆரம்பிக்கவில்லை. அவருடைய கம்பெனியிலும் போய்ப் பேசினேன்; ஒரே லேப்டாப்பை எல்லா இடத்துக்கும் சுத்தம் செய்யாமல் கொடுத்தனுப்புவது அவர்கள் வழக்கம் என்று தெரிந்தது, அவர்மேல் பழி விழவில்லை. குளிர்கிடங்கில் கன்டெய்னர் அரை மணி தாமதமாகக் கிளம்பியது. கையால் எழுதிய லேபிள்களோடு போனது. பிரின்டர் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று பிறகு உறுதியானது. அந்த வரிக்கு நேராக அவள் பேஜாரு பொத்தானை அழுத்தினாள். சந்தோஷமாகத்தான் அழுத்தினாள்.

எனக்கு அந்த வாரம் முழுக்கத் தூக்கமே தேவைப்படவில்லை என்று சொல்லலாம். ஆனால் யோசிக்க யோசிக்க என்னைத் துள்ள வைத்தது அந்த நான்கு நொடி அல்ல. குமிழைத் திருப்பாதே என்று சொல்ல அவளால் எப்படி முடிந்தது என்பதுதான். நாங்கள் எல்லாரும், புரோகிராமை நம்பலாமா கூடாதா என்று ஒரே கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். அவள் அப்படிக் கேட்கவே இல்லை. எந்தக் காரியத்தில் நம்பலாம், எதில் கூடாது என்று தனித்தனியாக வைத்திருந்தாள். அது அவளுக்குத் தெரிந்தது தினமும் குறி போட்டதால்தான். என் ஆய்வேட்டின் மூன்றாவது அத்தியாயத்தை அழித்துவிட்டு அதையே எழுதினேன். புரோகிராம் ஒவ்வொரு வகைச் செயலுக்கும் தனித்தனியாக நம்பிக்கை சம்பாதிக்க வேண்டும். லேப்டாப்பில் சம்பாதித்ததைக் காட்டி பிரின்டரைத் தொடக்கூடாது. இப்போது அப்படித்தான் ஓடுகிறது. பிரின்டர் விஷயத்தில் அது முதலில் கேட்கும்.

இதையே ஒரு கருத்தரங்குக்குக் கட்டுரையாக எழுதி, அவள் பெயரையும் ஆசிரியராகச் சேர்த்தேன். படிவத்தில் எந்தத் துறை, எந்தக் கல்லூரி என்று கேட்டிருந்தது. கன்ட்ரோல் ரூம், குளிர்கிடங்கு, திருவொற்றியூர் என்று நிரப்பினோம். அவர்கள் திருப்பி அனுப்பவில்லை.

கருத்தரங்குக்கு அவளையும் அழைத்துப் போனேன். ஞாயிற்றுக்கிழமை புத்த விகாருக்குப் போவதற்கென்று நான் வைத்திருந்த வெள்ளைப் புடவையை அன்று உடுத்தியிருந்தேன். அவள் மயில் நிறத்தில் பட்டு கட்டி வந்திருந்தாள். நான் பேசி முடித்ததும் முன்வரிசையில் ஒருவர் எழுந்து, இந்த அமைப்பு நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டால் கன்ட்ரோல் ரூமில் ஆளே தேவைப்படாதல்லவா என்று கேட்டார். நான் மைக்கை அவளிடம் கொடுத்தேன். அவள் எழுந்து நின்று பேசினாள். பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை.

"அது வந்தப்புறம் எனக்கு வேல கொறையல சார், வேற வேலயா பூட்ச்சி. முன்னல்லாம் மெஷின மட்டும் பாத்துகினு இருந்தேன். இப்ப மெஷினப் பாக்கறவனையும் பாத்துகினு கீறேன். அது ஒயுங்கா பண்ணுதான்னு பாக்க ஆளு வோணுமா, இல்லியா? நீங்களே சொல்லுங்க."

அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அரங்கில் கைதட்டல் கொஞ்சம் தாமதமாகத் தொடங்கி, நீண்ட நேரம் இருந்தது.

திரும்பி வரும்போது மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடித்துக்கொண்டாள். "யக்கா, அந்தத் தாக்குற புரோகிராமு கீதே, அது சுத்த மக்கு" என்றாள்.

"ஏன்?"

"அது கம்ப்யூட்டரு வயியாவே வரப் பாக்குது. நானா இருந்தா அப்பிடி வர மாட்டேன். ஷிப்டு மாறசொல்லோ வருவேன். அந்த அஞ்சு நிமிசம் ரெண்டு பேருமே ஸ்கிரீனப் பாக்க மாட்டாங்க. அப்பால, மய பேஞ்சா கரென்டு போயி வரும், அப்ப அல்லாமே புச்சா ஸ்டார்ட் ஆவும். அதுவும் சோக்கான டைமு. இன்னும் ஒன்னு கீது. அடுத்த வாரத்துலேர்ந்து நான் திருடன் சைடு ஆடறேன். உன் ஆளு தாங்குதான்னு பாக்கலாம்."

பையில் கருத்தரங்கில் கொடுத்த நோட்டு இருந்தது. எடுத்துப் பிரித்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். பதினோராவது வழியை அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் இறங்கவேண்டிய தண்டையார்பேட்டையும் தாண்டி, காலடிப்பேட்டை வந்துவிட்டது; இறங்கி, கதவு மூடும்வரை நடைமேடையில் நின்றபடியே அதைச் சொல்லி முடித்தாள்.